சீராகக் கொடுத்த சிவப்புப் படம்

நான் பொய் சொன்னது மைக்கில். கேட்டவர்கள் எண்ணூறு பேராவது இருக்கும். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும், ஸ்பீக்கர் அங்கேயும் கட்டியிருந்தார்கள்.

என் பெயர் செங்கோட்டையன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தொன்பது. ஊரில் என்னைப் படக்காரர் என்பார்கள். சினிமாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, வெளிநாட்டு ஓவியர்களின் பழைய அச்சுப் படங்களை வாங்கிச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். அச்சு என்றதும் காலண்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓவியரே கல்லிலோ செப்புத் தகட்டிலோ வரைந்து, பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தாளாகக் கையால் அழுத்தி எடுக்க வைத்தவை. ஐம்பதோ நூறோ எடுத்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டு, பென்சிலாலேயே கையெழுத்தும் இருக்கும். அறுபது எழுபது வருஷம் பழசு. அவற்றில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, மாடு இருக்காது. கோடும் நிறமும்தான். இதை இந்த இருபது வருஷத்தில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! கேட்காதவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன்.

இந்தக் கிறுக்கு பிடித்த கதை சின்னது. ஒரு பெயிண்ட் கம்பெனி, அந்த வருஷம் அதிகம் சரக்கு எடுத்த பட்டறைக்காரர்களை ஐரோப்பா கூட்டிக்கொண்டு போனது. பாரிஸில் மற்றவர்கள் தயிர்சாதம் கிடைக்கிற ஹோட்டலைத் தேடிப் போன நேரத்தில் எனக்கு வழி தப்பிவிட்டது. மழை வேறு. ஒதுங்கிய கடையின் சுவரில் ஒரு கறுப்புப் படம். இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவுதான். முழுக் கறுப்பு, அதில் மேலிருந்து வெள்ளையாக ஒரே ஒரு கோடு இறங்கி வந்து பாதியில் நின்றுவிடும். எங்கள் தொழிலில் ஓர் அங்குலம் காலி விட்டால் லாரி ஓனர் சண்டைக்கு வருவார். கிளி வேண்டும், தாமரை வேண்டும், குலதெய்வம் பெயர், பிள்ளைகள் பெயர், மச்சான் பெயர் எல்லாம் வேண்டும். இங்கே ஒருத்தன் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, போதும் என்று எழுந்து போயிருக்கிறான். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்துப் போனது. கையில் இருந்ததை எல்லாம் கொடுத்து வாங்கினேன். மனைவிக்கு ஒரு சென்ட் பாட்டில்கூட வாங்கி வரவில்லை. ஸ்ரீதேவி அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆறு படம் சேர்ந்தது. அவற்றுக்குத் தனி அறை, தனி ஏசி. ஈரம் ஏறினால் தாளில் பழுப்புப் புள்ளி விழும் என்று கோடையிலும் மழையிலும் ஏசி ஓடும். "படத்துக்கு ஏசி, எனக்கு ஃபேன்" என்பாள் ஸ்ரீதேவி. இந்த அறை வந்த பிறகு எனக்குத் திமிரும் வந்துவிட்டது. சொந்தத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பேன். அருவி இருக்கும், மான் இருக்கும், சூரியன் மறையும். "இதெல்லாம் படமாங்க?" என்று கேட்டே இருக்கிறேன், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே.

ஆறில் பெரியது அந்தச் சிவப்பு. இரண்டரை அடி அகலம், முழுக்கச் சிவப்பு, ஒரு மூலையில் நீலமாக இரண்டு துண்டு. 2018இல் பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். வெள்ளைத் தாடி வைத்த பெரிய மனுஷர். என் உடைந்த இங்கிலீஷுக்கு அழகான தமிழில் பதில் சொன்னார், அந்த மரியாதையிலேயே விழுந்துவிட்டேன். எழுபத்தைந்து பிரதியில் முப்பத்தொன்றாவது. ஆறு லட்சம். நான் கொடுத்ததிலேயே பெரிய விலை அதுதான்.

ஐந்து வருஷம் தினமும் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் காலைக் காபி. வீட்டுக்கு வந்தவர்களை இரண்டடி தள்ளி நிற்க வைப்பேன். "கிட்டப் போகாதீங்க, தூரமா நின்னு பாருங்க, அந்தச் சிவப்புக்குள்ள ஒரு ஆழம் தெரியும்" என்பேன். தெரிகிறது என்று அவர்களும் தலையாட்டுவார்கள், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

2023இல் படங்களை இன்சூரன்ஸ் செய்யலாம் என்று தோன்றியது. மதிப்புப் போடச் சென்னையிலிருந்து சித்ரா என்று ஒரு பெண் வந்தாள். பழைய தாள்களைப் பழுது பார்ப்பது அவள் தொழில். ஐந்து படத்தைப் பார்த்து முடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டாள், எல்லாம் சுத்தம். சிவப்புக்கு வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நிமிர்ந்தாள்.

"நீங்களே பாருங்க சார்."

பார்த்தேன். என் சிவப்பு அங்கே இல்லை. ரோஜா நிறத்தில் புள்ளி, மஞ்சளில் புள்ளி, வரிசை வரிசையாக, புள்ளிக்கோலத்துக்கு வைத்த மாதிரி. கல்லில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் ஆற்று மணல் போல ஒழுங்கில்லாமல் தெரியும், அது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு நாளும் அந்தப் படத்தில் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தாடிக்காரரை நம்பாதது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"பின்னாடி வந்த புத்தகத்துல இருந்து வெட்டின பக்கம் சார். மெஷின்ல அடிச்சது. நம்பரும் கையெழுத்தும் வேற யாரோ போட்டது."

"மதிப்பு?" என்று கேட்டேன்.

அவள் பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டாள். "ஃபிரேம் நல்ல ஃபிரேம் சார்" என்றாள்.

அறிக்கையில் ஐந்து படம் மட்டும் எழுதச் சொன்னேன். அவளும் ஒன்றும் கேட்காமல் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தாடிக்காரருக்கு போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, ஸ்ரீதேவியிடம்கூட. பணம் போனதைத் தாங்கிக்கொள்வேன், லாரித் தொழிலில் அதைவிடப் பெரிய அடியெல்லாம் வாங்கியிருக்கிறேன். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் காலண்டரைப் பார்த்து ஆழம் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லி அதைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்த தையில் யுவஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமானது. மல்லசமுத்திரத்தில் இருக்கிற என் தங்கச்சி மஞ்சுளாவின் ஒரே மகள், பிசியோதெரபி படித்தவள். ஒன்பதாவது படிக்கும்போதே அப்பாவைப் பறிகொடுத்தாள். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் முன்னால் நிற்க வேண்டும். மாமன் கொண்டுவருகிற சீரை வைத்துத்தான் எங்கள் பக்கம் பெண்ணுக்கும் பெண்ணைப் பெற்றவளுக்கும் புகுந்த இடத்தில் மரியாதை. அதனால் என்ன வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

"நகையெல்லாம் அம்மா பண்ணிட்டாங்க மாமா. எனக்கு உங்க படத்துல ஒண்ணு குடுங்க. அந்தக் கறுப்பு."

"அது சின்னதாச்சே சாமி."

"சின்னதுதானுங்க. லீவுக்கு உங்க ஊட்டுக்கு வந்தா அதுக்கு எதுத்தாப்லதான் உக்காந்து படிப்பேன். அந்தக் கோடு ஏன் பாதியில நிக்குதுன்னு பாத்துட்டே இருப்பேன்."

என்னிடம் இருந்ததில் நான் யாருடைய சொல்லும் கேட்காமல், எவரும் விலை ஏற்றாமல், பிடித்துப்போய் வாங்கியது அது ஒன்றுதான். அதை ஒருத்தி கேட்கிறாள், அதுவும் சரியான காரணம் சொல்லிக் கேட்கிறாள். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். கொடுத்துவிடுவேனோ என்கிற பயம். அடுத்த நொடியே பீரோவுக்குப் பின்னால் இருந்தது ஞாபகம் வந்தது.

"தாய்மாமன் சீருன்னா சபைக்குத் தெரியற மாதிரி இருக்கோணும் சாமி. அந்தப் பெரிய சிவப்பு இருக்குதல்ல, அதத் தாரேன். இருக்கறதுலயே வெல ஜாஸ்தி அதுதான்."

 "சரிங்க மாமா" என்றாள். பெருந்தன்மையாகக் கொடுக்கிற மாமனிடம் வேறு என்ன சொல்வாள்?

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. மாப்பிள்ளை ஊரான வெண்ணந்தூரில் எவன் இதைக் கண்டுபிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். மாப்பிள்ளை கவினின் குடும்பம் தறி வைத்திருக்கிற குடும்பம், பெட்ஷீட்டும் துண்டும் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஓவியம் பற்றி என்ன தெரியும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இப்படியேதான் நினைத்தேன்.

கல்யாணம் ராசிபுரத்தில். ஐம்பத்தொரு தட்டு சீர். நாதஸ்வரம் முன்னால் போக, சொந்தக்காரப் பெண்கள் தட்டு ஏந்தி வர, எல்லாருக்கும் முன்னால் நானே படத்தைத் தாங்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஃபிரேமுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பேச்சு காதில் விழுந்தது. "என்னுங்க இது, பெயிண்ட் டப்பா கவுந்துட்டாப்பல இருக்குது." "மாமன் பட்டற வெச்சிருக்கறாரல்ல, மிச்சமானதக் கொட்டிக் கொண்டாந்துட்டாரு." ஒரு அம்மாள், மாப்பிள்ளை பக்கம், சற்றுச் சத்தமாகவே சொன்னாள்: "பவுனு போட வக்கில்லாம படத்தக் காட்டறாங்களாட்ட இருக்குது." மேடைக்குப் பக்கத்தில் நின்ற மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்தேன். செத்துவிட்டது.

சீரை ஒவ்வொன்றாக மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஆள் படத்துக்கு வந்ததும் தடுமாறினான். "அடுத்து வந்து... ஒரு படம்" என்றான். கூட்டத்தில் சிரிப்பு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"இது சும்மா படமில்லீங்க. பாரிஸ்ல கல்லுல எடுத்த ஒரிஜினல். ஒலகத்துலயே எழுவத்தஞ்சுதான் இருக்குது. ஆறு லட்ச ரூவா. அப்பன் இல்லாத புள்ளைக்கு எம்பட சீரு."

 கைத்தட்டல், விசில். அந்த அம்மாளே எழுந்து வந்து படத்தைத் தொட்டுப் பார்த்தாள். இளவட்டங்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மஞ்சுளா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விலையைக் கேட்டு வியக்கிறவர்களை வாழ்க்கை முழுக்க இளக்காரமாகப் பேசிய நான், விலையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். அந்த விலையும் பொய். அப்பன் இல்லாத புள்ளை என்று வேறு சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகு சம்பந்தி மருதாசலம் வந்தார். கவினின் அப்பா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேச மாட்டார். படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, மடக்கி வைக்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கத் தறிக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. அவருக்கு அது கைப்பழக்கம். முகூர்த்தப் புடவையை அப்படிப் பார்த்தார், கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது அதையும் அப்படித்தான் பார்த்தார் என்று மஞ்சுளா சொல்லிச் சிரித்திருக்கிறாள். எனக்கு அது இப்போதுதான் ஞாபகம் வர வேண்டுமா?

கண்ணாடியைச் சிவப்பின் மேல் வைத்துக் குனிந்தார். நகர்த்தினார். நீலத்தில் வைத்தார். கீழே பென்சில் கையெழுத்துக்குப் போனார்.  தப்பித்து ஓடலாமா என்றுகூட நினைத்தேன், தாய்மாமன் மணமேடையை விட்டு எங்கே ஓடுவது?

நிமிர்ந்து கண்ணாடியை மடக்கிப் பைக்குள் போட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல படமுங்ணா. நம்ம ஊட்ல நடு ஹால்லயே மாட்டிடறேன்."

அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டார்.

சொன்னபடியே மாட்டினார். மேலே ஒரு லைட்டும் போட்டார். தலைத்தீபாவளி, ஊர் நோம்பி, எதற்கு வெண்ணந்தூர் போனாலும் சிவப்பு நடு வீட்டில் எரிந்துகொண்டிருக்கும். வருகிறவர்களிடம் "இது செங்கோட்டண்ணன் குடுத்த சீருங்க" என்பார். விலையை மட்டும் சொல்ல மாட்டார். ஏன் சொல்லவில்லை? தெரிந்ததாலா, அடக்கத்தாலா? இழை எண்ணுகிறவருக்கு அந்தப் புள்ளிகளைப் பார்த்து என்ன புரிந்திருக்கும்? ஒன்றரை வருஷம் இதே யோசனை. அவர் சட்டைப் பையில் கைவிட்டால் எனக்கு வேர்க்கும். பேனாவை எடுப்பார். யுவஸ்ரீ என்னிடம் முன்போலவே ஆசையாகத்தான் இருந்தாள். "மாமா, கறுப்பு சௌக்கியமா?" என்று ஒரு தடவை கேட்டாள். சௌக்கியம் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

போன மாதம் மஞ்சுளா போன் செய்தாள். குரலில் பெருமை தாங்கவில்லை.

"அண்ணா, யுவஸ்ரீ ராசிபுரத்துல சொந்தமா ஒரு கிளினிக் போடறாளல்ல. மெஷினுக்கெல்லாம் பணம் பத்துல. கவின் மாப்ள என்ன சொன்னாருன்னா, மாமா குடுத்த படம் இருக்குதே, அவரையே வித்துத் தரச் சொல்லலாம்னு. யுவஸ்ரீயும் சரின்னுட்டா."

 "அப்புறம்?" என்றேன்.

"சம்பந்தி ஒத்துக்கவே இல்லையே! தாய்மாமன் சீர விக்கற குடும்பம் நம்முது இல்லைன்னு ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டாரு. அவரே பணம் பொரட்டிக் குடுத்துட்டாரு. புதுசா வாங்குன தறி ரெண்ட வித்துப்போட்டாராம்ணா. கவினுக்குத்தான் கோவம். செவுத்துல தொங்கற படத்துக்காக ஓடற தறிய விக்கறதான்னு அப்பங்கூடப் பேசறதே இல்லையாம். இருந்தாலும் பாருண்ணா, உன்ற சீருக்கு அவங்க குடுக்கற மருவாதிய!"

போனை வைத்துவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் சத்தம் காதில் ஏறவில்லை. பீரோவுக்குப் பின்னால் கிடந்த ஒரு காலண்டர் தாளுக்காக ஒரு மனுஷன் ஓடுகிற தறியை விற்றிருக்கிறார். மகன் அப்பனோடு பேசவில்லை. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது, தறிக்கான பணத்தைக் கொடுத்துவிடுவது, கறுப்புப் படத்தைக் கொண்டுபோய் யுவஸ்ரீ கையில் வைத்துவிடுவது. மூன்றும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை கறுப்பைச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றினேன். காரில் வைத்தேன். திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் பேச்சு முடியட்டும், படத்தை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை அதே ஆணியில் மாட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனேன்.

மருதாசலம் தறிப்பட்டறையில் இருந்தார். வரிசைக் கடைசியில் இரண்டு இடம் காலி. தரையில் எண்ணெய்க் கறையும் போல்ட் பிடுங்கிய குழிகளும் இருந்தன. தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். கவின் வெளியே போயிருந்தான், யுவஸ்ரீ கிளினிக்கில். ஹாலில் நாங்கள் இரண்டு பேர், சுவரில் அந்தச் சிவப்பு.

"மருதாசலம், அந்தப் படத்தப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லோணும்னு இல்லீங்ணா. எனக்குத் தெரியும்."

நான் திரும்பிச் சுவரில் இருந்த சிவப்பைப் பார்த்தேன், அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"அன்னைக்கு மண்டபத்துலயே தெரியுமுங்ணா. கண்ணாடி வெச்சுப் பாத்தனல்லங்க. நம்ம கல்யாணப் பத்திரிகைல புள்ளையாரு மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி புள்ளி புள்ளியா இருந்துச்சு. கல்லுல எடுத்ததுன்னு நீங்க மைக்குல சொல்றீங்க, மெஷின்ல அடிச்சதுன்னு கண்ணாடி சொல்லுது. எனக்கு படத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க, ஆனா அச்சு தெரியும். பெட்ஷீட் பாக்கெட்டுக்குப் படம் போட்ட அட்டை அச்சடிக்கறமல்ல."

"அப்பவே ஏனுங்க கேக்கல?"

"எப்படிங்ணா கேக்கறது? யாரோ ஒருத்தன் அண்ணன நல்லா ஏமாத்திப்போட்டான்னு நெனச்சேன். பாவம் மனுசன், ஆசையா வெச்சுப் பாத்துட்டு இருந்ததக் கழட்டி, அப்பன் இல்லாத புள்ளைன்னு நம்மூட்டுப் புள்ளைக்குக் குடுத்திருக்கறாரு. அவருகிட்டப் போயி இது டூப்ளிகேட்டுங்கன்னு சொல்லி மனச ஒடைக்கறதா? சொல்லாம இருந்துட்டேன். இப்ப கவின் விக்கறேன்னு கெளம்பிட்டான். கடைக்காரங்கிட்டப் போனா குட்டு ஒடைஞ்சுரும். ஊரே உங்களச் சிரிக்கும், மஞ்சுளா தாங்காது. அதான் தறியக் குடுத்தேன். தறி போனாப் போவுது, அடுத்த வருசம் வாங்கிக்கலாம்."

என்னை ஏமாந்தவன் என்று நினைத்திருக்கிறார். ஒன்றரை வருஷமாக நான் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று லைட் போட்டு மாட்டியிருக்கிறார். என்னை ஒருத்தன் ஏமாற்றியதும் நிஜம்தான். ஆனால் அது தெரிந்த பிறகு நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன் என்பதை அவர் மனதால்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கத் தெரியவில்லை அவருக்கு.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்ணா?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார், அனுசரணையாக. நான் அங்கே போனதே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான். கல்யாணத்துக்கு முந்தியே தெரியும் என்று மூன்று வார்த்தை. வாய் திறந்தேன்.

"இப்பத்தானுங்க. போன வாரம். மெட்ராஸ்ல இருந்து சித்ரான்னு ஒரு அம்மா வந்துச்சு. மத்த படத்தையெல்லாம் பாத்துட்டு, இந்தப் படத்தோட போட்டோவையும் பெருசாக்கிப் பாத்துச்சு. புத்தகத்துல இருந்து வெட்டுனதுன்னு சொல்லிப்போட்டுது."

அவள் பெயர் நிஜம், அவள் சொன்னது நிஜம். தேதியை மட்டும்தான் மாற்றினேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதீங்ணா. நீங்க ஏனுங்க வெக்கப்படறீங்க? ஏமாத்துனவனல்ல வெக்கப்படோணும்!"

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். தறிப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், காதைப் பொத்திக்கொண்டார், நீங்களே நொந்து போயிருக்கறீங்க, உங்ககிட்ட வாங்கறதா என்று. கவினிடமும் யுவஸ்ரீயிடமும் மூச்சு விடுவதில்லை, கவின் கோபம் நாள்பட்டால் தணிந்துவிடும் என்றார். மகனுடைய கோபத்தையும் எனக்காக அவரே வைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது. இத்தனை நாளில் அவரைக் கோபமாகப் பார்த்ததில்லை.

"வித்தவன் பேரு, கடை, பில்லு எல்லாம் இருக்குதல்ல? அவன உடக் கூடாதுங்ணா. நாம ரெண்டு பேரும் நேர்ல போலாம். வியாழக்கெழம எனக்கு ஆர்டர் ஒண்ணும் இல்ல."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை. ஏமாந்தவன் வேண்டாம் என்று ஏன் சொல்லப் போகிறான்? "சரிங்க" என்றேன்.

இன்று புதன். சற்று முன் போன் செய்தார். விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு அவரே வருகிறாராம், எனக்கு மனசு சரியில்லாத நேரத்தில் நான் ஓட்டக் கூடாதாம். யுவஸ்ரீயிடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

"பில்லு மட்டும் மறக்காம எடுத்து வெச்சுக்கங்ணா. அங்க போயி நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நில்லுங்க, போதும். நான் பேசிக்கறேன்."

பெங்களூரில் அந்தத் தாடிக்காரரின் கடை இப்போது இல்லை. சித்ரா வந்துபோன மறு மாதமே நான் போய்ப் பார்த்துவிட்டேன், இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நாளை மருதாசலத்தோடு அந்த வாசலில் நின்று, முதல் தடவையாகப் பார்க்கிறவன் போல நான் திகைக்க வேண்டும். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.